மரணப் பதிவேட்டில் நஞ்சின் பெயர்: முசலிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

1995ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அச்சாவுகளில் பெரும்பகுதி பூச்சிகொல்லி அருந்தியதால் நேர்ந்தவை. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. 1995இல் மிகக் கொடிய சில பூச்சிகொல்லிகளும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரையான காலத்தில் பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியனவும் விலக்கப்பட்டன. இத்தடைகளால் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இவற்றுள் கடைசியாக வந்த தடைகளுக்கு அடித்தளமாக இருந்தது ஓர் எளிய வேலை. அனுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளில் நஞ்சருந்தி வந்தவர்களிடமும் உறவினரிடமும், "எந்த மருந்து? எந்தப் போத்தல்?" என்று கேட்டு, விடையை ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் எழுதிவைத்தார்கள். 'பூச்சிமருந்து' என்று பொதுப்பட எழுதி நிறுத்தியிருந்தால் எதைத் தடைசெய்வது என்று எவருக்கும் தெரிந்திருக்காது.

ஹெரோயின், மோர்பின், டிராமடோல் முதலிய அபின்வகைப் பொருள்கள் விளைவிக்கும் சாவுகளுக்கு அத்தகைய கணக்கு இந்நாட்டில் இன்னும் உருப்பெறவில்லை. கைதானவர்களின் தொகையும் கைப்பற்றிய கிலோக்களின் தொகையும் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. இறந்தவர்களைப் பற்றி அந்தத் தெளிவு இல்லை. இந்த இடைவெளி எங்கே பிறந்தது, எந்தப் படிகளில் வளர்ந்தது என்பதை மன்னார் மாவட்டத்தின் தென்கரையில் உள்ள முசலிப் பிரதேச செயலகப் பிரிவை மையமாக வைத்து இக்கட்டுரை தேடுகிறது. பிழை ஆய்வுகூடத்தில் நிகழ்வதைவிட, காரணம் தெரியவருமுன்பே பதிவேடு மூடப்படுவதால்தான் அதிகம் நிகழ்கிறது என்பதே இதன் வாதம்.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

முசலி என்றதும் வரலாற்று மாணவர்க்கு நினைவுக்கு வருவது முத்துக்குளிப்பு. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மருச்சுக்கட்டி என்று இக்கரையோரம் முழுவதும் சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புப் பருவத்தில் கொட்டில் நகரங்கள் எழுந்து, பருவம் முடிந்ததும் மறைந்தன. தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் சலாபத்தை மேற்பார்வையிட அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 லட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. சிப்பிகள் எண்ணிப் பங்கிடப்பட்டமையால்தான் இத்தொகைகளை இன்று நாம் இவ்வளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. அரசு வரி வாங்கும் பொருளைத் துல்லியமாக எண்ணும். மனிதச் சாவை அத்துல்லியத்தோடு எண்ண வேண்டும் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது.

இதற்கு மன்னாரிலேயே மிகக் கசப்பான சான்று உண்டு. 1840களில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி வரண்ட காட்டுவழியே நடந்தனர். பேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக ஆட்களை விழுத்தின. 1841 முதல் 1848 வரை 70,000 பேர் இறந்திருக்க வேண்டும் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' எழுதியது. எவரும் பிணங்களை எண்ணி அந்தத் தொகைக்கு வரவில்லை. வந்தவர்களின் தொகையிலிருந்து திரும்பியவர்களையும் தோட்டங்களில் இருந்தவர்களையும் கழித்து, கணக்கில் வராதவர்களை இறந்தவர்களாகக் கொண்டதன் பெறுபேறு அது. அத்தொகை மிகை என்போரும் ஏற்போரும் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உள்ளனர். ஒவ்வொரு சாவும் நிகழ்ந்த இடத்திலேயே எழுதப்படாவிட்டால், நூற்றியெழுபது ஆண்டுகள் கழிந்தும் வழக்குத் தீராது.

பிறப்பு, இறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் முறை 1867ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு இலங்கையில் வேரூன்றியது. 1895ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. இக்காலத்தில் பதிவாளர் நாயகமாகக் கடமையாற்றிய சேர். பொன்னம்பலம் அருணாசலம், பின்னர் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர். நாட்டின் உயிர்ப்புள்ளிவிபரங்களை ஆட்சியாளரின் கோப்பிலிருந்து மக்கள் படிக்கக்கூடிய சமூக வரலாறாக உயர்த்தியவர்களுள் அவர் முதன்மையானவர். இன்று நடைமுறையில் உள்ள 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் 1954 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை திருத்தங்களுக்கும் பின்பு, இறப்பைப் பதிவதில் இலங்கை தெற்காசியாவில் முன்வரிசையில் நிற்கிறது. ஆள் இறந்தார் என்பது பெரும்பாலும் தவறாமல் பதிவாகிறது. ஏன் இறந்தார் என்பதே நலிந்த பகுதி.

அபினின் பேரேடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபின் இங்கு உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. நாட்டு வைத்தியர்களும் அதை மருந்தாகப் பயன்படுத்தினர். மதுவிலக்கு இயக்கத்தினரும் மதத் தலைவர்களும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1907இல் அபின் வணிகத்தை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1910ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனியார் விற்பனையை ஒடுக்கி, விநியோகத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. அபின் பழக்கமுள்ளவர்களும் அதை மருந்தாகக் கையாளும் வைத்தியர்களும் பெயர் பதிந்து, வரையறுத்த அளவைப் பெறவேண்டியவர்கள் ஆயினர். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இவை அனைத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. இன்றைய வழக்குகளும் அந்தச் சட்டத்தின் பேரிலேயே நடக்கின்றன.

இங்கே ஒரு பிரிவினையைக் கவனிக்க வேண்டும். அபினை யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்பது ஒரு பேரேட்டில் ஏறியது. அபின் உண்டவர் எதனால் இறந்தார் என்பது வேறொரு திணைக்களத்தின் வேறொரு பேரேட்டில் ஏறியது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வழி சட்டத்தில் வகுக்கப்படவில்லை. பொருளைக் காப்பவர்களும் உயிரைக் கணக்கிடுபவர்களும் அன்று பிரிந்த பாதையில்தான் இன்றும் நடக்கிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் இலங்கைக்குள் பரவியபோது அரசின் பதில் இரண்டு சட்டங்களாக வந்தது. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை உருவாக்கியது. அதே ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 2 கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுட்தண்டனை விதிக்க வழிவகுத்தது. கடுமை எதற்காக வந்தது என்பது விளங்குகிறது. ஆனால் அதன் நிழல் மரணப் பதிவேட்டிலும் விழுந்தது. வீட்டில் ஒரு பிள்ளை மூச்சடங்கிக் கிடக்கும்போது, அவன் பக்கத்தில் கிடக்கும் கருகிய ஈயத்தாளையும் சுருட்டிய காகிதக் குழலையும் முதலில் அப்புறப்படுத்துவது வீட்டார்தான். இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலும் ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள், ஊசியேற்றல் குறைவு. ஆகவே உடலில் ஊசித் தழும்பும் இருக்காது. தாளும் குழலும் போய்விட்டால், பொலிஸார் வரும்போது அங்கே இருப்பது ஒரு இளைஞனின் உடலும் "இரவு நெஞ்சு நோகுது எண்டவன்" என்ற ஒரு வாக்குமூலமும் மட்டுமே.

2019ஆம் ஆண்டின் தேசிய மதிப்பாய்வு நாட்டில் ஹெரோயின் பாவிப்போர் 92,000க்கு மேல் என்று கணித்தது. 2022இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர் சிலர் ஹெரோயினை ஊசியாக ஏற்றி இறந்த செய்திகள் தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தன. அவற்றை வெளியே கொண்டுவந்தது ஆண்டுப் புள்ளிவிபர அறிக்கை அன்று. உடற்கூற்றுப் பரிசோதனை செய்த மருத்துவர்கள் உண்மையைச் சொன்னதால் அவை தெரியவந்தன. மன்னார்க் கரை இந்தப் பொருள்களுக்குப் புதியதன்று. இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலில் கேரளக் கஞ்சாவும், பீடி இலையும், மஞ்சளும், அண்மைக் காலத்தில் பிரிகாபலின் வில்லைகளும் கடற்படையினரிடம் அடிக்கடி பிடிபடுகின்றன. பிரிகாபலின் அபின்வகை அன்று. நரம்புநோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து. ஆனால் ஹெரோயினோடோ டிராமடோலோடோ சேரும்போது மூச்சை ஒடுக்கும் ஆற்றல் கூடுகிறது. வழக்கமான போதைப்பொருள் முதற்சோதனை அதைக் காட்டாது. அதைத் தேடு என்று தனியே கேட்டால்தான் ஆய்வுகூடம் தேடும்.

ஒரு சாவு பதிவேட்டை அடையும் வழி

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, திடீர்ச் சாவுகளுக்கும் ஐயத்துக்குரிய சாவுகளுக்கும் விசாரணையை விதிக்கிறது. அதை நடத்துபவர் நீதி அமைச்சரால் நியமிக்கப்படும் திடீர் மரண விசாரணை அதிகாரி. இவர் மருத்துவராகவோ சட்டத்தரணியாகவோ இருக்கவேண்டியதில்லை. பெரும்பாலும் ஊரில் மதிப்புப் பெற்ற, ஊரவரை அறிந்த ஒருவராக இருப்பார். உடலைப் பார்த்து, உறவினரின் வாக்குமூலத்தைப் பதிந்து, உடற்கூற்றுப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்கிறார்.

முசலியில் ஒரு மரணம் நிகழ்ந்தால் செய்தி கிராம அலுவலருக்கும் சிலாவத்துறைப் பொலிஸுக்கும் போகிறது. பரிசோதனை வேண்டும் என்றால் உடல் அரிப்பைத் தாண்டி, அருவியாற்றைக் கடந்து, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பரிசோதனை வேண்டாம் என்றால் உடல் வீட்டிலேயே கையளிக்கப்படும். முடிவு எடுக்க வேண்டிய மணிநேரங்கள் மிகக் குறைவு. முசலியின் மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். காலையில் மௌத்தானவரை லுஹர் அல்லது அஸர் தொழுகைக்குப் பின் அடக்கிவிடுவதே மரபு. குளிப்பாட்டிக் கபனிடக் காத்திருக்கும் வீட்டில், மையித்தை மன்னாருக்குக் கொண்டுபோய் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது எளிதான காரியமன்று. "மையித்தைக் கீறாமத் தாங்க" என்று கைகூப்பும் தகப்பனுக்கு முன்னால், வெளிக்காயம் ஏதும் இல்லாத ஓர் உடலைப் பார்த்தபடி ஒரு விசாரணை அதிகாரி இரங்குவது மனித இயல்பு. நெஞ்சுவலி என்று உறவினர் சொன்னது மாரடைப்பு என்று தாளில் ஏறும். கத்தோலிக்கக் கிராமங்களில் அடக்கம் ஒரு நாள் தள்ளிப்போகலாம்; ஆனாலும் மகனைக் குடல்கிழித்துப் பார்க்கக் கூடாது என்ற மன்றாட்டு அங்கும் அதேதான்.

இந்த மன்றாட்டுக்கு அண்மைய வரலாறு ஒன்று மேலும் வலுச் சேர்த்தது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி அறிவித்தல், கோவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த விதி நீடித்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கோரியது. ஏறத்தாழ பத்து மாதங்கள், மரணக் காரணம் என்ற ஒரு வரி ஒரு ஜனாஸா மண்ணுக்குப் போவதா நெருப்புக்குப் போவதா என்பதைத் தீர்மானித்தது. அதன் பின்பு ஒரு முஸ்லிம் குடும்பம் வைத்தியசாலைக்கும் பதிவாளருக்கும் உண்மையைத் திறந்து சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அரசுதான் அந்த நம்பிக்கையை மீட்கக் கடமைப்பட்டது.

உடல் மன்னாருக்குப் போய்விட்டது என்றே கொள்வோம். சட்ட வைத்திய அதிகாரி என்ன காண்பார்? அபின்வகை நஞ்சு மூளைத்தண்டில் உள்ள மூச்சு மையத்தை ஒடுக்குகிறது. நுரையீரல்கள் நீர்கோத்துக் கனத்திருக்கும், வாயிலும் மூக்கிலும் நுரை தள்ளியிருக்கலாம், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும். ஆனால் இவற்றில் ஒன்றாவது ஹெரோயினுக்கே உரிய அடையாளம் அன்று. நீரில் மூழ்கியவரிடமும் இதய நோயாளியிடமும் கனத்த நுரையீரல் உண்டு. எனவே இரத்தமும் சிறுநீரும் கண்ணின் உள்நீரும் எடுக்கப்பட வேண்டும். இரத்தத்தை இதயத்திலிருந்து எடுத்தால், இறந்தபின் சுற்றியுள்ள உறுப்புகளிலிருந்து மருந்து அங்கே கசிந்து அளவை உயர்த்திக் காட்டும். அதனால் தொடை நாளத்திலிருந்து எடுப்பதே முறை.

ஹெரோயினுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உடலுக்குள் சென்ற சில நிமிடங்களிலேயே அது 6-மோனோஅசிட்டைல் மோர்பின் என்ற பொருளாக மாறி, பின்னர் மோர்பின் ஆகிறது. இடைநிலைப் பொருளைக் கண்டால்தான் அது ஹெரோயின் என்று உறுதியாகச் சொல்லலாம். அது மறைந்து மோர்பின் மட்டும் எஞ்சியிருந்தால், வைத்தியசாலையில் வலிக்குக் கொடுத்த மோர்பினும் இருமல் மருந்தின் கொடெயினும் அதே தடயத்தை விடக்கூடும். இந்த இடைநிலைப் பொருள் சோதனைக் குழாய்க்குள்ளும் சிதையும். சோடியம் புளோரைட் இட்ட குழாயும் குளிரும் அதைக் காக்கும். முசலி, மன்னார் வெயிலில் இவ்விரண்டும் தவறினால், கொழும்பு போய்ச் சேர்வதற்குள் சான்று அழிந்துவிடும். இத்தனைக்கும் மேலாக, அளவு மட்டும் தீர்ப்புச் சொல்லாது. நாள்தோறும் பாவிப்பவர் தாங்கும் அளவு, சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வெளிவந்து பழக்கம் தளர்ந்தவரைக் கொன்றுவிடும். அதனால் இறந்தவரின் கடைசி வாரங்களைப் பற்றி வீட்டார் சொல்வதும் ஆய்வுகூட எண்ணுக்கு நிகரான சான்று.

குழாய்கள் முத்திரையிடப்பட்டு, நீதிமன்ற நடைமுறையூடாக, பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படுகின்றன. நாடு முழுவதும் இருந்து வரும் போதைப்பொருள் வழக்குப் பொருள்களும் அங்கேயே குவிகின்றன. சந்தேகநபர் விளக்கமறியலில் இருக்கும் வழக்கு முன்னுரிமை பெறுவது நியாயமே. இறந்தவரின் குழாய் காத்திருக்கும். இதற்கிடையில் குடும்பத்துக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் தேவைப்படுகிறது: வங்கிக் கணக்குக்கு, காணி உறுதிக்கு, படகின் பெயர் மாற்றத்துக்கு. சாவைப் பதிவாளருக்கு ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, காரணம் விசாரணையில் உள்ளது என்ற குறிப்போடு பதிவு முடிகிறது. மாதங்கள் கழித்துப் பகுப்பாய்வாளரின் அறிக்கை சட்ட வைத்திய அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் வருகிறது. பதிவாளரிடம் அது போய்ச் சேரவேண்டும் என்று வலியுறுத்த எவருக்கும் உடனடித் தேவை இருப்பதில்லை. குடும்பம் பத்திரத்தைப் பெற்றுவிட்டது. வழக்கு இல்லை என்றால் நீதிமன்றக் கோப்பும் மூடப்பட்டுவிடும். இந்தக் கைமாறலில்தான் நஞ்சின் பெயர் தொலைகிறது.

மற்றவர்கள் தொலைத்ததும் கண்டெடுத்ததும்

இது ஏழை நாட்டின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1999 முதல் 2016 வரை போதைமருந்தால் இறந்த பலரின் பத்திரத்தில் எந்த மருந்து என்பது எழுதப்படவில்லை. ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் அந்த வெற்றிடங்களை ஆராய்ந்து, அவற்றில் ஏறத்தாழ 72 சதவீதம் அபின்வகையால் நிகழ்ந்தவை என்று கணித்தனர். கணக்கில் வராத 99,160 சாவுகள். முன்பு அறிவித்ததைவிட 28 சதவீதம் கூடுதல். பென்சில்வேனியா, லூசியானா, இண்டியானா, அலபாமா, மிசிசிப்பி ஆகிய ஐந்து மாநிலங்களில் திருத்திய தொகை பழைய தொகையின் இருமடங்கைத் தாண்டியது. மரண விசாரணையைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் ஒப்படைக்காமல், தேர்தலில் வென்ற சாதாரண ஒருவரிடம் விட்டிருக்கும் இடங்கள் அங்கும் பல உண்டு. நமது திடீர் மரண விசாரணை அதிகாரியின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் வழி நமக்கு நேர்மாறானது. அங்கே விசாரணை முடியும் வரை இறப்பு முறையாகப் பதியப்படாது. குடும்பத்துக்கு இடைக்காலப் பத்திரம் ஒன்று தரப்படும். இதனால் ஓர் ஆண்டில் பதியப்படும் போதைமருந்துச் சாவுகளில் ஏறக்குறைய பாதி அதற்கு முந்திய ஆண்டுகளில் நிகழ்ந்தவையாக இருக்கின்றன. காத்திருப்பின் விலை அது. அப்படிக் காத்திருந்தும் கணக்கு நிறைவாகவில்லை. 2011 முதல் 2022 வரையான அபின்வகைச் சாவுகள் அதிகாரபூர்வத் தொகையைவிட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2025இல் காட்டினர். ஆய்வுகூட அறிக்கை விசாரணை அதிகாரியின் கையில் இருந்தது; ஆனால் அவர் எழுதிய வரியில் 'பல மருந்துகளின் கூட்டு நஞ்சு' என்று பொதுவாக இருந்தது; புள்ளிவிபர அலுவலகத்துக்குப் போனது அந்த வரி மட்டுமே. இலங்கையில் நாம் நேரத்தில் இழப்பதை அவர்கள் சொல்லில் இழந்தார்கள்.

சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு தெளிவாக்கும். 'தற்செயலான ஹெரோயின் நஞ்சு' என்று எழுதினால் ஐசிடி-10 முறையில் அது எக்ஸ்42 என்ற குறியீட்டையும் டீ40.1 என்ற துணைக்குறியீட்டையும் பெறும். 'மருந்து நஞ்சு' என்று மட்டும் எழுதினால் எக்ஸ்44 என்ற பொதுக்குறியீட்டில் விழும். 'இதயத் துடிப்பு நின்றது' என்று எழுதினால் ஐ46. காரணம் தெரியவில்லை என்றால் ஆர்99. ஒரே மனிதர், ஒரே சாவு, நான்கு இடங்கள். அவற்றுள் முதலாவது இடத்தில் விழுபவர் மட்டுமே ஹெரோயினுக்குப் பலியானவராக எண்ணப்படுவார். இதயத் துடிப்பு நிற்பது எல்லாச் சாவுக்கும் பொது என்பதால், அதை மரணக் காரணமாக எழுதக்கூடாது என்று மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் நள்ளிரவில் விடுதியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவரின் பேனா அதைத்தான் முதலில் எழுதுகிறது.

இலங்கை இதில் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015இல் தொடங்கிய புளூம்பெர்க் 'நலத்துக்கான தரவு' முயற்சியில், மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் துணையோடு, மருத்துவர்களுக்கு மரணக் காரணம் எழுதும் பயிற்சி அளிக்கப்பட்டது. வீட்டில் நிகழும் சாவுகளுக்கு உறவினரிடம் முறையாகக் கேள்வி கேட்டுக் காரணத்தை அறியும் 'வாய்மொழி உடற்கூற்று' முறையும் பரீட்சிக்கப்பட்டது. நீரிழிவு, பக்கவாதம், புற்றுநோய் போன்றவற்றுக்கு இம்முறை நன்கு உதவும். ஹெரோயினுக்கு உதவுமா? கேள்வி கேட்பவர் அரசு அலுவலர், கேட்கப்படுபவர் தாய், உண்மையைச் சொன்னால் மற்றைய மகனைத் தேடிப் பொலிஸ் வருமோ என்ற அச்சம் அவளுக்கு. அந்த விடை வழக்குக்குப் பயன்படாது என்ற உறுதியைச் சட்டமே தராதவரை அவள் வாய் திறக்கமாட்டாள். திறக்கவும் வேண்டியதில்லை.

எந்த ஊரின் சாவு?

முசலிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. இதைப் பற்றி நமது ஆய்வுகளில் போதிய பேச்சு இல்லை. இலங்கையில் இறப்பு, நிகழ்ந்த இடத்தின் பதிவாளர் பிரிவிலேயே பதியப்படும். மருச்சுக்கட்டியில் மயங்கியவர் மன்னார் வைத்தியசாலையில் இறந்தால் மன்னார் நகரின் கணக்கு. அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்தால் அனுராதபுரத்தின் கணக்கு. பெரிய வைத்தியசாலை உள்ள ஊர்களின் சாவுத்தொகை உப்பும். முசலி போன்ற பிரிவுகள் நோயற்ற பூமியாகத் தோன்றும்.

அதன்மேல் 1990 வந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். முசலியின் கிராமங்கள் வெறுமையாயின. மக்கள் பெரும்பாலும் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். இருபது ஆண்டுகளாக அவர்களின் பிறப்பும் இறப்பும் புத்தளத்தில் எழுதப்பட்டன. 2009க்குப் பின் மீள்குடியேற்றம் தொடங்கியபோதும் பல குடும்பங்கள் இரண்டு ஊரிலும் கால்வைத்தே வாழ்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில், தகப்பனின் வயலும் படகும் கொண்டச்சியிலும் சிலாவத்துறையிலும். இத்தகைய குடும்பத்து இளைஞன் புத்தளத்தில் இறந்தால் அவன் எந்தச் சமூகத்தின் இழப்பு? பதிவேடு புத்தளம் என்னும். அவனைப் போன்ற மற்றவர்களுக்கு உதவி எங்கே போகவேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வதிவிடத்தையும் குறியீடாக்கி, அதன் அடிப்படையிலும் அட்டவணை வெளியிட்டால் இது தீரும்.

சில ஆயிரம் பேர் வாழும் பிரிவில் தொகையை வெளியிடும்போது வேறோர் எச்சரிக்கையும் தேவை. ஆண்டுக்கு ஒரு சாவு என்று ஓர் அட்டவணை சொன்னால், அது யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பெட்டையின் கலியாணம் நின்றுபோகும், தம்பியின் வேலை போகும் என்ற அச்சம் வீட்டாருக்கு வெறும் கற்பனை அன்று. ஆகவே பிரிவு மட்டத்துத் தொகை ஐந்தாண்டுக்கு ஒன்றாகத் திரட்டியோ, மாவட்ட மட்டத்திலோ வெளிவரட்டும்; பிரிவு மட்டத்து விபரம் சுகாதார மருத்துவ அதிகாரியின் கையில் மட்டும் இருக்கட்டும். குடும்பத்துக்குத் தரும் பத்திரத்தில் விரிவான காரணம் இல்லாமல், புள்ளிவிபரத்துக்குப் போகும் படிவத்தில் மட்டும் அது இருக்கும்படி இரண்டையும் பிரிக்கலாம். வங்கிக்கும் காணிக் கந்தோருக்கும் ஆள் இறந்தார் என்பது போதும். ஹெரோயினால் இறந்தார் என்பது அவர்களுக்கு எதற்கு?

திருத்தங்களுள் மிக மலிவானது, பகுப்பாய்வாளரின் அறிக்கை பதிவாளரை அடையாமல் போகும் அந்தக் கைமாறலில் உள்ளது. பதிவேட்டில் எழுதியதைப் பின்னர் திருத்தும் வழி 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பகுப்பாய்வாளரின் அறிக்கை மன்னாருக்கு வந்ததும், சட்ட வைத்திய அதிகாரி தமது இறுதிக் கருத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதே நாளில் ஒரு பிரதியைப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். அதில் கண்டறிந்த ஒவ்வொரு பொருளின் பெயரும், எந்த இடத்திலிருந்து எடுத்த இரத்தம் என்பதும், பிரிகாபலினைத் தேடினார்களா என்பதும் எழுதப்பட வேண்டும். காரணம் விசாரணையில் உள்ளது என்ற குறிப்போடு நிற்கும் பதிவுகளை மாவட்டப் பதிவாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு, சட்ட வைத்திய அதிகாரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மன்னார் அளவிலான ஒரு மாவட்டத்தில் அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டாது.